மிஷ்மிஷ் சாறு

அப்துல் சலாம் சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, லப்பைக்குடிகாட்டில் யாருக்கும் அவரைப் பார்த்து முகம் மலரவில்லை. ஆள் பாதியாகி இருந்தார். சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. உணவுக்குழாயில் கட்டி என்று திருச்சியில் சொன்னார்கள், கட்டியைக் கருக்கக் கரண்ட் வைத்தார்கள். கொஞ்ச நாள் தேவலை என்று இருந்தது. அப்புறம் கஞ்சித் தண்ணியும் இளநீரும் தவிர மற்றதெல்லாம் நின்றுபோயிற்று. 2004ஆம் வருஷக் கோடையை அவர் முன்னறைக் கட்டிலில், ஃபேனுக்குக் கீழே படுத்தபடியே கழித்தார்.

அவரைத் துடைத்துவிடுவதோ, புரட்டிப் படுக்க வைப்பதோ மனைவி ஹஃபீசாவுக்குச் சிரமமாக இல்லை. அவரோடு என்ன பேசுவது என்பதுதான் தெரியவில்லை. கல்யாணமான மறுவருஷமே சவூதியில் தாயிஃப் ஊருக்குப் போனவர். லீவில் வருவார், விருந்தாளி மாதிரி இருப்பார், பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுவார். மகள் சமீரா பிறந்தது, நடந்தது, பெரியவளானது எல்லாம் அவருக்குப் போனில் வந்த சேதிதான். அவளையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. இப்போது வீட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான். முறுக்கிய துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்காருவாள். அவர் ஃபேனைப் பார்ப்பார். அவள் அவர் காலைப் பார்ப்பாள்.

ஒரு நாள் அவராகப் பேசினார். குரல் கரகரத்து, பாதி காற்றாகத்தான் வந்தது.

"மிஷ்மிஷ் பழுத்திருக்கும் இப்ப."

"அது என்னங்க?"

"பழம். முதலாளி தோட்டத்துல மலை மேல வெளையிறது. எலுமிச்சைய விடப் பெருசு. மஞ்சளா, ஒரு பக்கம் மட்டும் செவந்து இருக்கும், கொழந்த கன்னம் மாதிரி."

சீசனில் அந்தப் பழத்தைச் சாறாக்கி, பாட்டிலில் அடைத்து, முதலாளி குடும்பத்துக்கு வருஷம் முழுக்க வருகிற மாதிரி வைப்பதுதான் தன் வேலை என்றார். ஹஃபீசாவுக்கு இது அன்றைக்குத்தான் தெரியும். தோட்டத்தில் வேலை என்று சொன்னதை வைத்து, அவர் மண்வெட்டி பிடிப்பதாகவே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அதுன்னா உள்ள எறங்கும்னு தோணுது," என்றார்.

அன்றைக்கே அவள் புர்காவைப் போட்டுக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தாயிஃபுக்குப் போன் போட்டாள். அதே தோட்டத்தில் டிரைவராக இருந்த அஸ்லாம் இதே தெருக்காரன்தான், லீவில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும், "நான் கொண்டாறேன் மதினி, நீங்க போன வைங்க," என்றான்.

ஜித்தாவில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து தொழுதூருக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் வந்தான். தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் அட்டைப் பெட்டியை இங்கே கொண்டுவந்து இறக்கினான்.

"மடியிலயே வச்சிருந்தேன் மதினி. இருந்தும் அடியில உள்ளது நசுங்கிப் போச்சு."

"சாறுக்குத்தானடா," என்றார் சலாம் கட்டிலிலிருந்து. பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனையில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

காய்கறிக் கூடையோடு தினமும் வருகிற பொன்னாயியும் அந்த நேரத்துக்கு வாசலில் வந்து நின்றாள். அவள் மகன் சக்திக்கு அந்தத் தோட்டத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவர் சலாம்தான். போய் இரண்டு வருஷமாகிறது, இன்னும் ஊர் திரும்பவில்லை.

"இதத்தான் எம் புள்ள பறிக்கிறானா?"

"இந்தப் பெட்டிக்கு அவன்தாங்க ஏறிப் பறிச்சான்," என்றான் அஸ்லாம்.

ஹஃபீசா ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தாள். பொன்னாயி அதைக் கையில் உருட்டிப் பார்த்தாள், காம்பு இருந்த இடத்தைத் தடவினாள், முந்தானையில் துடைத்துத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

"அவுங்களுக்கு ஆவட்டும் பாயம்மா."

மறுநாள் காலையில் அஸ்லாமும் ஹஃபீசாவும் கட்டிலை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். தலையணையை அண்டக் கொடுத்துச் சாய்ந்தபடி சலாம் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பழத்தைக் கழுவி, நடுவில் இருக்கும் கோட்டோடு பிளந்தால் கொட்டை தானாகக் கழன்று விழுந்தது. தோலை உரிக்க வேண்டாம் என்றார். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்தாள்.

"தீயக் கொற. கொதிக்கக் கூடாது, முனகணும்."

"பழம் முனகுமா?" என்றாள். அவர் சிரித்தார். இப்படிச் சிரிக்க வைக்கத் தன்னால் முடியும் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

வெந்ததை ஜல்லடையில் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்து வடித்தாள். திட்டுத்திட்டாக, சந்தனம் கரைத்த மாதிரி கீழே இறங்கியது. சர்க்கரைப் பாகு ஊற்றி, நிறம் கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிந்து, மறுபடி சூடாக்கினாள். பழைய ஜாம் பாட்டில்களையும் தேன் பாட்டில்களையும் அதற்கு முன்பே வெந்நீரில் போட்டு எடுத்திருந்தாள். சூட்டோடு சூடாக ஊற்றித் தகர மூடியைத் திருகினாள். பிறகு பிரியாணி தேக்சாவுக்குள் துணி விரித்து, பாட்டில்களை நிற்க வைத்து, கழுத்து வரை தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினாள்.

"அடியில துணி இல்லேன்னா பாட்டில் வெடிச்சுப்போகும்," என்றார். "மொத வருஷம் எனக்கு அப்படித்தான் ரெண்டு பாட்டில் போச்சு. கைல சூடு வாங்கினேன்." புறங்கையில் இருந்த தழும்பைக் காட்டினார். லீவில் வரும்போதெல்லாம் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். கேட்டதில்லை.

"அங்க இருந்தப்ப நெறைய குடிச்சிருப்பீங்க."

"ருசி பாக்க ஒரு கரண்டி. அடச்சதெல்லாம் வூட்டுக்குள்ள போயிரும்." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "நமக்கு எதுக்கு. கேட்டா குடுத்திருப்பாங்க. கேக்கல."

பாட்டில்களை எடுத்துத் துணியில் வரிசையாக வைத்தாள். ஆறும்போது மூடி உள்ளே இழுக்கும், டிக்கென்று ஒரு சத்தம் வரும், அது வந்தால்தான் சரியாக அடைத்ததாக அர்த்தம் என்றார். அஸ்லாம் அசர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தான். இரண்டு பேரும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். முதல் டிக் கேட்டது. அவர் விரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்தது கேட்க நேரமாயிற்று. அதற்குள் அவர் கை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில், கதவு திறந்திருக்க, அவர் அப்படிப் பிடித்ததே கிடையாது. அவள் கையை எடுக்கவில்லை.

பாட்டிலில் அடங்காமல் மிஞ்சியதை ஒரு கண்ணாடித் தம்ளர் நிறைய ஊற்றி, ஆறவைத்துக் கொண்டுவந்தாள். ஒரு முழுத் தம்ளர் அவர் குடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்திருந்தது. முதல் வாய் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதில் புரையேறி, மூக்கு வழியாக வந்து, கண் பிதுங்கி அவர் துவண்டுபோனார். அவள் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள்.

"எறங்குச்சு புள்ள. நல்லாருந்துச்சு. இந்த டேஸ்ட்தான்," என்றார் மூச்சு வந்ததும்.

அப்புறம் தண்ணீர் கலந்து, ஸ்பூனால் நாக்கில் விட்டாள். சில நாள் அப்படி ஓடியது. பின்பு அதுவும் கடைவாயில் வழிந்தது. ஜூன் மாதக் கடைசியில், மத்தியானத்தில், அவள் ஈரத் துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கும்போதே மவுத்தாகிவிட்டார்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சலாமின் அண்ணன் ஜபருல்லா அடுப்படி அலமாரியில் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, புருஷன் போனபின் இருக்கும் இத்தாவில், ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளறையில் இருந்த ஹஃபீசாவிடம் சமீராவை அனுப்பினார். "ஜூஸ் நெறைய இருக்கே, வந்தவங்களுக்குக் குடுக்கலாமான்னு பெரியத்தா கேக்குறாங்கம்மா."

ஹஃபீசாவுக்கு ஒன்றையாவது எடுத்து வைக்கச் சொல்ல வாய் வந்தது. எதற்காக, யார் குடிக்க என்று நினைத்ததும் அது நின்றுவிட்டது.

"எல்லாத்தையும் குடு. தம்ளர் நெறைய ஊத்திக் குடு. பாதியா யாருக்கும் குடுக்காத."

முன்னறையில் தம்ளர்கள் இடிபடும் சத்தம் கேட்டது. "ஃபாரின் சரக்கா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமா போல," என்று இன்னொரு குரல் சொன்னது. 

கொல்லைப் பக்கம் சமீரா பொன்னாயியை உட்கார வைத்து ஒரு தம்ளர் கொடுத்திருந்தாள். பொன்னாயி ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளரோடு எழுந்து உள்ளறை வாசலில் வந்து நின்றாள்.

"எம் புள்ள பறிச்சதா பாயம்மா இது?"

"ஆமா."

"இனிப்பா இருக்கு." அவள் கண் கலங்கியது. "நீங்க குடிச்சீங்களா?"

ஹஃபீசா யோசித்துப் பார்த்தாள். பாகு சரியா என்று அவர்தான் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னார். தம்ளரை அவருக்காகத்தான் ஊற்றினாள். ஸ்பூனில் மிஞ்சியதைக் கழுவிவிட்டாள்.

"இல்ல," என்றாள்.

இதைக் கேட்ட சமீரா அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பாட்டில்கள் எல்லாம் காலி. அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

பொன்னாயி ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு உள்ளே வந்து, பாய் ஓரத்தில் குந்தி, தான் வாய் வைத்த தம்ளரை நீட்டினாள். ஹஃபீசா அதை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். சாறு கெட்டியாக, புளிப்பும் இனிப்புமாகத் தொண்டையில் தங்குதடையில்லாமல் இறங்கியது. அப்படி இறங்கியதைத்தான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகையை வாய்விட்டு அழுதாள். பொன்னாயி அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.