ஆறு மணி சுவிட்ச்

“கரண்டு போனா அது எங்கப்பா போவும்?”

சுபிதா ஏழு வயதில் கேட்ட கேள்வி அது. ஞானையன் அப்போது மின்வாரியத்தில் ஒயர்மேன். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே, “எங்கயும் போவாது மக்கா. நமக்கு வரவேண்டியத வேற யாரோ எடுத்திருப்பாவ. அவியளுக்கு அவசியம் இருந்திருக்கும்லா” என்றார். அவளும் அதை நம்பி விளையாடப் போய்விட்டாள்.

அந்தச் சுபிதா இன்று, முப்பத்தாறு வயதில், மேசைக்கடியில் முட்டுக்குத்தி டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு அப்பால் முன்னறையில் ஞானையன் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியைச் சுற்றியிருந்த பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் இந்தக் கம்ப்யூட்டர் ஓடியாக வேண்டும்.

“கொஞ்சம் இடத்தோட்டு அடியுங்க டீச்சர்,” என்று இடப்பக்கம் கை காட்டினார் நாராயணபெருமாள்.

புதுக்கடை சந்திப்பில் ரேடியோ ரிப்பேரில் தொடங்கி, டிவிக்கு மாறி, கடைசியில் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தவர் அவர். காலையில் மாலையோடு துக்கத்துக்கு வந்தார். மாலையை வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவரிடம் சுபிதா ஒன்றும் கேட்கக்கூட இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். “கொண்டுதான் வந்தேன்,” என்றார்.

மெமரி கார்டைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தார். கடல் காற்றில் உப்புப் படிந்திருக்கும் என்றார். ஊதினார். திரும்பச் செருகினார். பவர் சப்ளையை மாற்றிப் போன மாதமே புதிது போட்டாகிவிட்டது. டிஸ்க் வயரும் புதிது.

“ஆண்டவர நினைச்சு அமுக்குங்க.”

சுபிதா பொத்தானை அமுக்கினாள். விசிறி சுழன்றது. ‘பீப்’ என்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பிறகு நாலு நிறக் கொடி வந்தது. அதன் கீழே சின்ன நீல வெளிச்சம் இடமிருந்து வலமாகத் திரும்பத் திரும்ப ஊர்ந்தது. சுபிதா எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

திரை இருண்டது. மறுபடி ‘பீப்’. மறுபடி வெள்ளை எழுத்துகள்.

“போச்சு.” நாராயணபெருமாள் நெற்றியைத் துடைத்தார். “எனக்குத் தலைகுனிவா இருக்கு டீச்சர். ரெண்டு தடவ கடைக்குக் கொண்டுபோனேன். ரெண்டு நாளு ஒரேயடியா ஓட்டிப் பார்த்தேன். அங்க அசையாம நிக்குது. உங்க வாசப்படிய மிதிச்சா மட்டும் இதுக்கு என்ன கேடு வருது?”

சித்தப்பா கதவில் சாய்ந்து நின்று எட்டிப் பார்த்தார். விடிந்ததிலிருந்து அழுது கண் வீங்கிய மனிதர்; அழாத நேரத்தில் யாரையாவது ஏச வேண்டும் அவருக்கு.

“என்னட்டி இது, இழவு வீட்டுல மிசினப் பிரிச்சுப் பரத்தி வச்சிருக்க? கம்பூட்டருல பாத்தா அண்ணன் எழும்பி வந்திருவாவளா?”

“அனிஷ் பாக்கணும்லா சித்தப்பா.”

“போட்டோ புடிச்சு அனுப்பு.”

“போட்டோ வேண்டாங்கான்.”

சித்தப்பா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அனிஷ் குவைத்தில் இருந்தான். பாஸ்போர்ட் விசா புதுப்பிப்புக்காகக் கம்பெனி ஆபீசில் கிடந்தது. இன்று வெள்ளிக்கிழமை, அங்கே எல்லாம் பூட்டு. காலையில் போனில் அவன் கத்தவில்லை, அழவுமில்லை. “அக்கா, மொகத்த ஒருக்கா பாத்தா போதும். அனங்குற படமா பாக்கணும்” என்று மட்டும் சொன்னான். அசைய ஒன்றுமில்லை என்று அவனிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

இந்தக் கம்ப்யூட்டரே அவன் வாங்கி வைத்ததுதான். இரண்டாயிரத்து ஏழில் லீவுக்கு வந்தபோது மேசை, கேமரா எல்லாம் வாங்கி, எதை அமுக்கினால் எது வரும் என்று அப்பாவுக்குக் காட்டிவிட்டுப் போனான். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் மாலை ஆறு மணிக்கு ஞானையன் சட்டை மாற்றிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு ஞாயிறுகூட அது மக்கர் பண்ணியதில்லை.

தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. சுபிதா மயிலாடியிலிருந்து புருஷனிடம் சொல்லிவிட்டு வந்து, இங்கிருந்தே பள்ளிக்கூடம் போய்வரத் தொடங்கினாள். அந்த வாரமே கம்ப்யூட்டருக்கும் இந்த நோய் வந்தது. பேச முடியாதவரிடம் போனைக் கொடுத்து என்ன செய்ய? மகன் அந்தப் பக்கம் “அப்பா, அப்பா” என்பான். இவர் ரிசீவரைக் காதில் வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

பக்கத்து வீட்டு லீலாபாய் அவருக்கென்று மூன்று சட்டை தைத்துக் கொடுத்தாள். விறைத்த கை நோகாமல் நுழையும்படி வலத்தோள் பக்கம் முழுக்கத் திறந்து, பொத்தான் வைத்த சட்டை. அதற்கு அவள் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினால் பாதியை அறுத்துத் திருப்பி அனுப்பினாள்.

ஞாயிறுதோறும் அந்தச் சட்டையைப் போட்டு அவரை மேசை முன் உட்கார்த்துவார்கள். நீல வெளிச்சம் ஊரும், திரை இருளும். அப்போதெல்லாம் ஞானையன் இடக்கையைத் தூக்கி அடுக்களைப் பக்கம் காட்டுவார். அங்கே நிற்பது ஃபிரிட்ஜ்.

“தண்ணி வேணுமாப்பா?”

சுபிதா ஓடிப்போய் ஐஸ் தண்ணீர் எடுத்து வருவாள். அவர் அவளை ஒரு கணம் பார்ப்பார். பிறகு வாங்கிக் குடிப்பார். குடித்து முடித்து மறுபடி கை காட்டுவார். மறுபடி ஒரு டம்ளர். போன ஞாயிறு மூன்று டம்ளர் குடித்தார். “ஐஸ் தண்ணிக்கு இப்பிடி ஒரு ஆசையா? சளி புடிச்சா யாரு பாக்கது?” என்று அம்மா நேசம்மாள் ஏசினாள். அவர் கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டார்.

லீலாபாய் வெள்ளைச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு கதவருகே வந்தாள். இதுவும் தோளில் திறக்கும் சட்டைதான். அடக்கத்துக்குப் போடுவதற்காக அவளே கேட்டு வாங்கித் தைத்தது.

“பிந்திப் போச்சு மக்கா. தையல் மிசினு மோட்டரு இழுக்கல்ல. ரெண்டு சாண் ஓடும், தூங்கும், பெறவு ஓடும். ஐஸ் பெட்டி வந்தது முதலே இப்பிடித்தான்.”

“காலால மிதிச்சிருக்கலாம்லா அக்கா.”

“முட்டு சம்மதிக்கண்டாமா? இது எனக்குப் புதுசில்ல. மூணு மாசமாவே அந்தியானா உங்க ஃபிரிட்ஜு உறுமும், எனக்க லைட்டு கண்ணடிக்கும். இந்தப் பிராயத்துல எனக்குக் கண்ணடிக்க அது ஒண்ணுதான் இருக்கு.” சொல்லிவிட்டு, சாவு வீட்டில் இருப்பது நினைவு வந்தவளாக வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். “அண்ணன் நடமாடிட்டிருந்தப்ப இந்தத் தொல்ல இல்ல. ஆறு மணி ஆனா அடுக்களையில வந்து ஃபிரிட்ஜு சுவிட்ச அணைச்சிருவாவ. எனக்க ஜன்னல்ல இருந்து பாத்தா தெரியும். எட்டு மணிக்கு வந்து திரும்பப் போடுவாவ. அதுக்குள்ள நான் நாலு ஜாக்கெட் தச்சிருவேன். எதுக்கு அணைக்கியன்னு நானும் கேட்டதில்ல, அவியளும் சொன்னதில்ல.”

பெட்டியின் தலைமாட்டில் இருந்த நேசம்மாள் அதைக் கேட்டாள். “கரண்டு மிச்சம் புடிக்க அணைக்காருன்னு நான் எப்பளும் ஏசுவேன்,” என்றாள். “ஒயர்மேனுக்கு என்ன பிசுக்குத்தனம்னு கேப்பேன். சிரிச்சிட்டுப் போயிருவாரு.”

அந்த நேரத்தில் ஐஸ் பெட்டி ‘உர்ர்’ என்று உறுமியது. முன்னறை டியூப் லைட் ஒருமுறை மங்கியது. பெட்டி ‘டக்’ என்று அடங்கியது. மேசைக்கு அடியில் ‘பீப்’ என்றது.

நாராயணபெருமாளின் கையிலிருந்த ரப்பர் கீழே விழுந்தது.

“டீச்சர், வோல்டேஜ்!” என்றார் அவர். “மிசினுக்கு ஒண்ணுமே இல்ல. எனக்க கடை டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துல. உங்க வீடு லைன் தீருற இடம். அந்தப் பெட்டி இழுக்கப் பாக்குது, முடியாம அடங்குது, திரும்ப இழுக்குது. அது இழுக்குறப்ப இதுக்குக் கிட்டல்ல. ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜும் இதத்தான் செய்திருக்கு. நான் ஒரு மடையன், பெட்டியத் திறந்து பாத்தேனே ஒழிய வீட்ட நிமிந்து பாக்கல்ல.”

அவர் பேசிக்கொண்டே போனார். சுபிதா கேட்கவில்லை. டார்ச்சை அணைக்காமலே எழுந்து நின்று அடுக்களையைப் பார்த்தாள். ஃபிரிட்ஜ். மேசையிலிருந்து ஃபிரிட்ஜுக்கு ஒரு நேர்க்கோடு. அந்தக் கோட்டில் ‘அதை அணை’ என்று தூக்கிப் பிடித்த ஓர் இடக்கை. அதற்கு அவள் கொடுத்த மூன்று டம்ளர் தண்ணீர்.

அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது எட்டியிருக்கவில்லை. எட்டவும் வேண்டாம் என்று சுபிதா அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

“ஃபிரிட்ஜ அணைச்சாச்சு. போதாது,” என்றார் நாராயணபெருமாள் அடுக்களையிலிருந்து திரும்பி வந்து. அதற்கு மேல் சொல்லத் தயங்கினார். “ஐஸ் பெட்டியையும் கொஞ்ச நேரம்...”

“ரொம்பக் கொள்ளாம்!” என்றார் சித்தப்பா ஏளனமாக. “வேனல் காலம். ஆளுவ வந்து பாக்குற நேரத்துல பெட்டிய அணைக்கதா? மணம் வந்தா யாரு பதில் சொல்லது?”

உறவுக்காரர்கள் இரண்டு பேர் அவர் பக்கம் தலையாட்டினார்கள். பாட்டு நின்றது. எல்லாரும் நேசம்மாளைப் பார்த்தார்கள்.

நேசம்மாள் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. “அணையுங்க,” என்றாள். “பிள்ளைக்கு வேண்டி ஒரு அரை மணிக்கூறு. அவிய பொறுத்துக்கிடுவாவ.”

சித்தப்பா துண்டைத் தோளில் போட்டார். பிறகு அவரே குனிந்து, வயரைப் பற்றிப் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கியதைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

வீடு அமைதியானது. சுபிதா பொத்தானை அமுக்கினாள். வெள்ளை எழுத்துகள், கொடி, நீல வெளிச்சம். நாலு. ஐந்து. ஒன்பது. பதினொன்று. பச்சை மேடும் நீல வானமும் திரையில் விரிந்தன. நாராயணபெருமாள் கைகூப்பினார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

மேசையை நாலு பேர் சேர்ந்து கதவு வரைக்கும் தூக்கி வைத்தார்கள். கண்ணாடி மூடியை எடுத்து அப்பாவுக்குச் சட்டை போட்டார்கள். சின்னச் சதுரத்துக்குள் அனிஷ் வந்தான். மூன்று நாள் தாடி. பின்னால் இரண்டடுக்குக் கட்டிலில் யாருடைய லுங்கியோ காய்ந்துகொண்டிருந்தது.

கேமராவின் வயர் எட்டும் மட்டும் சுபிதா அதை நீட்டிப் பிடித்தாள். அவன் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தான்.

“அக்கா, பைய கீழ காட்டு.”

காட்டினாள்.

“நல்ல சட்டை. கொள்ளாம்.”

“லீலா அக்கா தச்சது.”

“ம்.”

வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

“அக்கா. கடைசியில அப்பா என்னைய கேட்டாவளா?”

சுபிதா கேமராவை மறு கைக்கு மாற்றினாள். அவனுடைய திரையில் அப்பாவின் முகமும் ஆடியிருக்கும்.

“கேட்டாவ. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாவ.”

“எப்பிடி? பேச்சு இல்லைல்லா?”

“கையக் காட்டி,” என்றாள் அவள்.

அனிஷ் தலையைக் குனிந்தான். அவனுடைய தலைமுடி மட்டும் திரையில் தெரிந்தது. நேசம்மாள் வந்து அதன் மேல் விரல் வைத்தாள். இருபது நிமிடம் அப்படியே போயிற்று. பிறகு சித்தப்பா, யாரும் சொல்லாமலே, கையிலிருந்த பிளக்கைத் திரும்பச் செருகினார். நாலு மணிக்குப் போதகர் வந்து ஜெபம் செய்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் ஈரமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். சுபிதாவின் புருஷனும் மயிலாடிக்குப் போனான். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்ததால் அவள் அம்மாவோடு நின்றுகொண்டாள். அந்தி ஜெபத்துக்கு அம்மா கோயிலுக்குப் போனபின் வீட்டில் அவள் மட்டும்தான்.

அடுக்களையில் ஃபிரிட்ஜ் உறுமியது. ‘டக்’ என்று அடங்கியது. மதிலுக்கு அப்பால் லீலாபாயின் தையல் மெஷின் இரண்டு சாண் ஓடி நின்றது. அவள் ஜன்னல் வெளிச்சம் மங்கி, தெளிந்து, மறுபடி மங்கியது.

சுபிதா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஆவதற்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த சுவிட்சை இத்தனை மாதம் அவள் கவனித்ததில்லை. வெள்ளைப் பலகையில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் தேய்ந்து பழுப்பேறியிருந்தது. அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள்.

அணைத்தாள்.

ஃபிரிட்ஜ் ஒருமுறை நடுங்கி ஓய்ந்தது. மதிலுக்கு அப்பால் வெளிச்சம் நின்று எரிந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. நீளமான ஏதோ ஒரு தையலாக இருக்க வேண்டும். இடையில் எங்கும் நிற்கவில்லை.