சுழி வைத்த கையெழுத்து

"இது தலைவரம்மா கையெழுத்து இல்லீங்களே" என்று யூனியன் ஆபீஸ் கிளார்க் இராஜாங்கம் சொன்னபோது, தலைவரம்மா அவர் எதிரில்தான் நின்றிருந்தாள். பிரின்ஸி, என் அண்ணி. அவளுக்குப் பின்னால் இரண்டு ஹெல்மெட்டையும் பிடித்துக்கொண்டு நான்.

இராஜாங்கம் பழைய ஃபைல் கட்டைப் பிரித்துப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா. மூணு வருஷமா வர்ற கையெழுத்து. 'பி'க்கு மேல ஒரு சுழி, கடைசியில கீழ ஒரு இழுப்பு. நீங்க கொண்டாந்தது பள்ளிக்கூடப் புள்ள எழுதுன மாதிரில்ல இருக்கு? அவசரத்துல போட்டீங்களா?"

அந்தச் சுழி என்னுடையது. இழுப்பும்.

அண்ணி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று பயந்தேன். பார்க்கவில்லை. "அவசரத்துலதாங்க போட்டேன். சரியாப் போட்டுக் கொண்டாறேன்."

"சாயங்காலத்துக்குள்ள வாங்க. நாளைக்கு லிஸ்ட் மேல போயிடும்."

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட அன்று, தேர்தலில் நிற்பதற்காக ஃப்ளெக்ஸ் வரைக்கும் அடித்து வைத்திருந்த ஆன்டோ அண்ணன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். "அண்ணி நிக்கட்டும்" என்று குதித்தவன் நான். போஸ்டர் வாசகம் என்னுடையது. கடைமடைத் தெருவுக்கு நானே போய், அரை ஏக்கர் வைத்திருக்கும் கண்ணாத்தாளிடம், "பொம்பள தலைவரா வந்தா மொதல்ல ஒங்க வாய்க்கால்தான்" என்று சொன்னேன். சத்தியமாக, நம்பித்தான் சொன்னேன். ஜெயித்த இரண்டாம் மாதம் அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். ஏதோ ஒரு தீர்மானம் அவசரம். "நீதான் நல்லாப் படம் வரைவியே, போடுடா" என்றான் அண்ணன். ஒரே ஒரு தடவை என்று போட்டேன். அழகாக வந்தது. அதுதான் கெடுதலாகப் போய்விட்டது. குழந்தை பிறந்து, அண்ணி திரும்பி வந்து, குழந்தை நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. பேனா என்னிடமே இருந்தது. "நான் எதுலயும் கையெழுத்துப் போட வேணாமா ஜெனித்?" என்று ஒருநாள் கேட்டாள். மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் இப்ப ஆன்லைன் அண்ணி" என்றேன். அவள் நம்பினாள்.

போன வாரம் கண்ணாத்தாள் வந்து கேட்டில் நின்றாள். "தூர்வார்ற லிஸ்ட்ல ஒங்க வயலு வாய்க்கால்தான் மொதல்ல இருக்காம். எங்களது இல்லவே இல்லயாம். தண்ணி தொறக்க பத்து நாளுகூட இல்ல. எங்களுதுதான் மொதல்லன்னு அன்னக்கி ஓட்டுக் கேக்கயில ஒன் கொழுந்தன்தாம்மா வந்து சொன்னாரு." அந்த லிஸ்டிலும் கையெழுத்து நான் போட்டதுதான். கண்ணாத்தாள் வாய்க்காலை லிஸ்டில் முதலில் சேர்க்கச் சொல்லி, அண்ணி உட்கார்ந்து தன் கையால் மாற்றுக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அண்ணனின் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து தலைவர் சீல் எடுத்துக் குத்தினாள். "அவருட்ட சொல்ல வேணாம், என்னக் கூட்டிட்டுப் போ" என்றாள். சீல் இருந்தால் போதும், கையெழுத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நானும் கிளம்பிவிட்டேன்.

ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் பாமணியாற்றுப் பாலம் வந்தது. பாலத்தில், "நிறுத்து" என்றாள். கீழே வறண்ட மணலில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன.

"ஆன்லைன்னியே."

"தப்புதான் அண்ணி. இப்பவே போய் நாந்தான் போட்டேன்னு சொல்லிடுறேன்."

"சொல்லு. நீ உள்ள போவ, ஒங்கண்ணனும் வருவாரு. நான் போடாத கையெழுத்துல மூணு வருஷம் தலைவரா இருந்தேன்னு என்னயும் பதவியிலேருந்து தூக்குவாங்க. கண்ணாத்தா வாய்க்கால அப்பறம் யாரு வெட்டுறது?"

"அப்ப... நானே இதுலயும் போட்டுத் தரவா?" கேட்ட வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"நீ போட்டதெல்லாம் போதும். எனக்குக் கத்துக்குடு."

பையிலிருந்து நோட்டை எடுத்து பைக் சீட்டில் விரித்தாள். நான் மேலே ஒன்று போட்டேன். பேனாவை அவளிடம் நீட்டினேன். அவள் பார்த்துப் பார்த்துப் போட்டாள். கீழே ஒன்று, அதன் கீழே ஒன்று. நாலாவதில் சுழி வந்துவிட்டது.

"இது சரியா இருக்கா?" என்றாள், வாத்தியாரிடம் சிலேட்டை நீட்டுவதுபோல. தலையாட்டினேன்.

ஆறாவது வரியில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. சுழி இல்லை, இழுப்பு இல்லை. நேரான, உருண்டையான எழுத்தில் பிரின்ஸி என்று விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனாள்.