திட்டுவதற்கு ஒரு குரல்

1

இது என் அக்காவின் கதை. "எழுதிக்கோ. ஆனா என்னைப் பாவம்னு எழுதினே, சும்மா விட மாட்டேன்" என்று அவள் சொன்னபோது அவளுக்குக் குரல் இருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மடிக்கணினி என்பது மூச்சுவிடும் ஒரு' — வேண்டாம். உவமை தேட நேரமில்லை. அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அக்கா சில நூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்தால், பிறகு அவள் கணினியில் தட்டுவதை அவள் குரலிலேயே பேச ஒரு மென்பொருள் இருக்கிறதாம்.

2

அத்தானுக்கு அச்சகத்தில், கணினியில் பக்கம் கட்டும் வேலை. வீட்டில் இருந்தது அவருடைய பழைய மடிக்கணினி, லினக்ஸ் போட்டது; உள்ளே புகுந்து எதையும் மாற்றலாம். அக்கா நாலு வரி படிப்பதற்குள் அதன் சூட்டைத் தணிக்கும் ஃபேன் இரையத் தொடங்கும். 'பின்னணியில் சத்தம், மறுபடி படிக்கவும்' என்று மென்பொருள் திருப்பி அனுப்பும்.

(அத்தானைப் பதற்றக்காரராகக் காட்ட நினைத்தேன். அவர் பதறவில்லை. நிதானமாகத்தான் தப்பு செய்தார்.)

எவ்வளவு சூட்டில் ஃபேன் சுற்ற வேண்டும் என்று குறித்திருக்கும் கோப்பைத் திறந்து, அந்த எண்ணை ஏற்றிவிட்டார். அறை அமைதியானது. அக்கா படித்துக்கொண்டே போனாள். கணினியின் அடிப்பக்கம் தொட முடியாதபடி கொதித்து, பட்டென்று அணைந்தது.

3

[எல்லாப் பதிவும் அழிந்தது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சேமிக்காமல் விட்டவை மட்டும்தான் போயின.]

"இன்னொரு தடவை படிச்சிடலாமா?" என்றார் அத்தான்.

"தொண்டை எனக்குத்தானே, உங்களுக்கு என்ன?" அக்காவின் குரல் கரகரத்தது. "வாக்கியமா இதெல்லாம்? தண்ணி வேணும், தலையணையை நகர்த்துங்க, நன்றி. ஆயுசுக்கும் இதையேவா பேசப் போறேன்? உங்களை நான் திட்ட வேண்டாமா?"

அத்தான் கணினி முன் உட்கார்ந்தார். ஃபேனை அடக்குவதைவிட, சூடே ஏறாமல் பார்த்துக்கொண்டால்? சூட்டைக் கிளப்பும் ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்தார். ஃபேன் சீக்கிரமே தொடங்கி, மெதுவாக, நிற்காமல் சுற்றும்படி எண்களை மாற்றினார். இருக்கிறதா இல்லையா என்பது போல ஒரு முனகல். மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"சரி, திட்டு" என்றார்.

திட்டினாள். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதற்கு, சொன்ன கதையையே சொல்வதற்கு, காய்ச்சலை மறைத்துவிட்டு வேலைக்குப் போனதற்கு. அவர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேமித்தார்.*

* எனக்கும் பங்கு கிடைத்தது. அதை இங்கே தருவதாக இல்லை.

4

'அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து எல்லோரும்' — இது முடிவே அல்ல.

'அத்தான் ஜன்னலருகே நின்று' — நின்று என்ன செய்ய?

நடந்தது இதுதான். வீடு திரும்பிய அக்கா கணினியை மடியில் வைத்துக்கொண்டாள். நானும் அத்தானும் பக்கத்தில் நின்றோம். தட்டினாள். குரல் கொஞ்சம் தட்டையாக, ஆனால் அவளேதான்: "ஏய், நீ கொஞ்ச நேரம் வெளியே இருடி."

போனேன். அத்தான் கதவைச் சாத்தினார். உள்ளே தட்டும் சத்தம், பிறகு அவள் குரல். சொற்கள் பிடிபடவில்லை. அத்தான் ஏதோ சொன்னார். மறுபடி தட்டினாள், நெடுநேரம். கதவில் காதை வைத்தேன். எடுத்துவிட்டேன். மறுபடியும் வைத்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீங்கள் வேண்டுமானால் உள்ளே போய்க் கேளுங்கள். உங்களை அவள் வெளியே இருக்கச் சொல்லவில்லையே.