புதன் காலை ஆறு மணி

அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே கிலோமீட்டர்தான். விமான டிக்கெட் போடும் இடத்தில் பன்னிரண்டு வருஷமாக நாற்காலியைத் தேய்த்தவள். எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், எங்கே மாற வேண்டும் என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமலே ஒப்பிப்பாள். "இறங்குற நேரம் அந்த ஊர் நேரம். பக்கத்துல சின்னதா ஒரு எண் இருக்கு பாருங்க, அது எத்தனை நாள் கழிச்சுன்னு அர்த்தம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் வேறு எடுப்பாள்.

அப்படிப்பட்டவள் தன் டிக்கெட்டில் கோட்டை விட்டாள்.

தம்பி சொந்த ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தான். "அக்கா, அப்பாவுக்கு வலி தாங்கல. ஊசி போட்டுடலாம்னு டாக்டர் சொல்றாரு. போட்டா தூங்கிடுவாராம், அப்புறம் முழிக்க மாட்டாராம். இவரு, உன் முகத்தைப் பாத்துட்டுத்தான் போட்டுக்குவேன்னு அடம்பிடிக்கிறாரு. எப்ப வருவே?"

அவசர அவசரமாக, இருந்த ஒரே இடத்தைப் பிடித்தாள். செவ்வாய் மதியம் பன்னிரண்டுக்குக் கிளம்பி, காலை ஆறுக்கு இறங்கும். "புதன்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்துடுவேன்னு சொல்லு" என்றாள். ஆறுக்குப் பக்கத்தில் இருந்த எண் இரண்டு. அது அவள் கண்ணில் படவே இல்லை.

விமானத்தின் கதவைச் சாத்தி, ஃபோனை அணைக்கச் சொன்ன பிறகு, பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தை அப்பா இருக்கும் ஊர் நேரத்துக்குத் திருப்பினாள். அங்கே செவ்வாய் இரவு ஒன்பது. ஆறு மணிக்கு இன்னும் ஒன்பது மணி நேரம்தான். இந்த விமானமே பதினாலு மணி நேரம் பறக்கும். அப்புறம் பத்து மணி நேரக் காத்திருப்பு, மறுபடி ஒன்பது மணி நேரம். புதன் இல்லை, வியாழன். பதினெட்டாயிரம் கிலோமீட்டரை ஒன்பது மணி நேரத்தில் கடப்பேன் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் மதியச் சாப்பாடு முடியும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

"ஒரே ஒரு ஃபோன் மட்டும் பண்ணிக்கிறேன்" என்று எழுந்தாள். பணிப்பெண் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். விமானம் ஓட ஆரம்பித்திருந்தது.

மேலே இணையமும் கிடையாது. கடிகாரத்தில் ஆறானபோது அப்பா வாசலைப் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஏழானது. எட்டானது. வலியோடு ஒவ்வொரு நிமிஷத்தையும் அவர் அவளுக்காகத் தள்ளிக்கொண்டிருந்தார். அழக்கூடத் தெம்பில்லை.

வழியில் இறங்கியதும் தம்பியைக் கூப்பிட்டாள்.

"எங்கக்கா போய்த் தொலைஞ்சே? மணி பதினொண்ணாச்சு! ராத்திரி பூரா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. ஊசி போட வந்தா கையைத் தட்டி விடுறாரு."

"தேதியைத் தப்பாப் பாத்துட்டேன்டா. நாளைக்குத்தான் வர முடியும். இப்பவே போடச் சொல்லு."

"நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீயே சொல்லு." அப்பாவின் காதில் ஃபோனை வைத்தான்.

முதலில் முனகல்தான் கேட்டது. பிறகு, "எங்கம்மா இருக்கே?"

இன்னும் ஏழாயிரம் கிலோமீட்டர் இருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. மனசு குளிர்ந்து தூங்கட்டும் என்று நினைத்தாள், பாவி. "வந்துட்டேன்பா. ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறேன். நீங்க ஊசி போட்டுக்கோங்க, அதுக்குள்ள மேல வந்துடுறேன்."

"வாசல்லயா?" அந்தக் குரலில் எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது. "டேய், என்னை நிமித்தி உக்கார வை. ஊசி வேணாம்னு சொல்லு. அக்கா படியேறி வர்றா."