பன் மேல் பழி

வேனின் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்னக் கருவி. அதில் ஒரு குழல். குழலில் ஊதினால்தான் வேன் கிளம்பும். மூச்சில் மது இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், வேன் அசையாது.

குடித்துவிட்டு ஓட்டி இரண்டு முறை தண்டனை பெற்றவன் அவன். இரண்டாம் முறை, தெருவைக் கடந்த ஒரு தையல்காரியின் முழங்கால் உடைந்தது. ஒரு வருடம் இந்தக் கருவியோடுதான் ஓட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். இன்னொரு முறை அப்படி ஓட்டிப் பிடிபட்டால் ஆயுசுக்கும் உரிமம் கிடையாது.

ஏழு மாதம் ஓடிவிட்டது. பேக்கரி அவன் மனைவியின் அண்ணனுடையது. தினமும் காலை ஐந்தரைக்கு அடுப்புப் பக்கமிருந்து மச்சான் குரல் கொடுப்பார்.

"என்ன மாப்ளே, புல்லாங்குழல் வாசிச்சாச்சா?"

"ஆச்சு மச்சான். தாளம் போடத்தான் ஆள் இல்ல."

இன்று வாசித்தான். சிவப்பு.

முதல் மாதத்திலும் ஒருநாள் சிவப்பு எரிந்தது. அன்று அவன் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. அடுப்பிலிருந்து இறங்கிய பன்னை, சூடு ஆறுமுன் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு ஊதியிருந்தான். யார் நம்புவார்கள்? மனைவியே நம்பவில்லை. அவனைக் கண்காணிக்கும் பெண் அதிகாரி மறுநாள் பேக்கரிக்கே வந்தார். ஒரு சூடான பன்னைத் தின்றார், ஊதினார். சிவப்பு. வாய் கொப்புளித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து ஊதினார். பச்சை. புளித்த மாவின் வேலை.

"மேடத்தையும் உள்ள வெச்சுரலாமா?" என்று மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். அதிகாரியும் சிரித்துக்கொண்டே கோப்பில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வேனில் ஒரு தண்ணீர் பாட்டில். சுவரில் மச்சானின் கோழிக் கிறுக்கலில் ஓர் அறிவிப்பு: ஊதிவிட்டுத் தின்னவும்.

இப்போது மச்சான் கையில் மாவோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"சொன்னா கேக்க மாட்டியே. பன்னு தின்னியா? கொப்புளி, கொப்புளி."

அவன் கொப்புளித்தான்.

கொப்புளித்தால் போவது பன். நேற்றையது போகாது. நேற்று சாயங்காலம் பழைய கம்பெனி நண்பன் ஓய்வு பெற்றான். அந்த விருந்தில் ஒரு கிளாஸ் என்று உட்கார்ந்த இவன் ஐந்தாவதில் எழுந்தான். நடந்துதான் வீடு வந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட. தலைவலி என்று சொல்லி வெளி அறையில் படுத்துக்கொண்டான். தூங்கி எழுந்தால் இறங்கிவிடும் என்று நினைத்தான்.

பின்னால் ரொட்டித் தட்டுகள் ஏற்றியாகிவிட்டன. ஆஸ்பத்திரிக்கு ஆறரைக்கு ரொட்டி போக வேண்டும். மச்சானுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

கால் மணி நேரம் ஆயிற்று. கருவி மறுபடி ஊதச் சொன்னது. மச்சான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"திரும்பவும் சிவப்பு வந்தா வம்பு. குடு, நான் ஊதறேன். பச்சத்தண்ணிகூட இன்னும் பல்லுல படல."

சிவப்பு, கால் மணி, பச்சை. பன் தின்ற நாளின் பதிவும் இதேதான். அதிகாரி பார்த்தால் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புவார். அன்று உண்மையைச் சொல்லித் தொண்டை வறண்டது, நம்ப ஆளில்லை. இன்று பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மச்சான் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார்.

அவன் குழலைக் கையால் மூடினான்.

"பன்னு இல்ல மச்சான்."

மச்சான் மூச்சை விட்டார்.

"எவ்வளவு?"

"அஞ்சு."

"அஞ்சு பன்னுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனேடா." மாவுக் கையால் நெற்றியைத் தேய்த்தார். "சரி, இன்னிக்கு ஒருநாள். நான் ஊதறேன், நீ மெதுவா ஓட்டு."

"அன்னிக்கும் மெதுவாத்தான் ஓட்டினேன்."

மச்சான் கையை ஜன்னலிலிருந்து எடுத்தார்.

முதல் வாரமே அதிகாரி ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தார்: ஊத முடியாத நாளில் யார் ஓட்டுவது? அவனைக் கேட்காமலே மனைவி தன் பெயரை எழுதினாள். அப்போது அவளுக்கு ஓட்டத் தெரியாது. மறுநாளே பயிற்சியில் சேர்ந்து, நான்காம் மாதம் தேறினாள். வேனை மட்டும் தொட்டதில்லை. தொட வேண்டியே வராது என்று இருவருக்கும் ஒரு வீம்பு.

போனை எடுத்தான். மனைவியைக் கூப்பிட்டான்.

"நான்தான். சிவப்பு."

"பன்னா?"

"இல்ல."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"சாவியை அண்ணன்கிட்ட குடுங்க. வரேன்."

பத்து நிமிடத்தில் வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து ஊதினாள். பச்சை.

"தங்கச்சி வாசிப்பு சுத்தம்," என்றார் மச்சான். யாரும் சிரிக்கவில்லை.

முதல் சிக்னலில் வேன் அணைந்தது. பின்னால் ஹாரன்கள். பக்கத்து இருக்கையில் அவன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"ஏதாவது சொல்லேன்," என்றான்.

"வீட்டுக்குப் போய்த் திட்டறேன். இப்ப ரோட்டைப் பாக்கணும்."

ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம் தாமதம். பிறகு இரண்டு கடைகள், ஒரு முதியோர் இல்லம். தட்டுகளை அவன் இறக்கினான். எட்டு மணிக்கு இல்லத்தின் முற்றத்தில் நின்று அதிகாரியைக் கூப்பிட்டான். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், இன்னிக்குப் பதிவுல சிவப்பு இருக்கும். அப்புறம் பச்சை."

"பன்னா?"

"எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. இல்ல மேடம். குடிச்சேன். பச்சை என் மனைவி ஊதினது. அவதான் ஓட்டறா."



"மூணு மாசம் கூடும். வாரம் ரெண்டு நாள் குழு வகுப்புக்கு வரணும்."

"வரேன்."

"நீங்க சொல்லலேன்னா பன்னுன்னே நெனச்சிருப்பேன்." தாள் புரளும் ஓசை. "அதையும் எழுதிக்கறேன்."

போனைப் பைக்குள் போட்டான். வேனில் ஏறப் போனான்.

"ஏறாதீங்க," என்றாள். "ரிவர்ஸ் எடுக்க எனக்கு இன்னும் சரியா வராது. பின்னாடி போய் நின்னு சொல்லுங்க."

அவன் பின்னால் போய், சுவருக்கும் வேனுக்கும் நடுவில் நின்றான். வேன் உறுமியது. கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. இன்று முதன்முறையாக அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"வா," என்று கையை அசைத்தான். "வா. வா. மெதுவா."