பிரிகேடியர் வயிற்றுக் கொப்புளங்கள்

ஒரு குடியிருப்பின் நாகரிகத்தை அதன் நாய்களின் தோலைப் பார்த்தே எடைபோட்டுவிடலாம் என்பது சங்கத் தலைவரின் கொள்கை. மூன்று பொதுக்குழுக்களில் முழங்கிவிட்டார். நான்காவதற்குத் தொண்டையைத் தயார் செய்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, அவருடைய சொந்த நாய் பிரிகேடியர் சோபாவில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. வயிறு நிறையக் கொப்புளம்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். பத்து. அதுவும் இரண்டு வரிசையில், பக்கத்துக்கு ஐந்தாக, அணிவகுப்புக்கு நிறுத்தியதுபோல.

"பாத்தியா, எவ்வளவு திட்டம் போட்டுப் பரவுது!" என்றார் மனைவியிடம்.

"டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"முப்பது வருஷம் சுகாதாரத் துறையில இருந்தவன் நான். எனக்கு ஒரு டாக்டரா?"

துறை சுகாதாரம்தான். அவர் இருந்தது எழுதுபொருள் பிரிவு.

குற்றவாளியும் கையோடு கிடைத்தது. வாசல் காவலாளி வளர்க்கும் ஒற்றைக்காது. தெருவில் பிறந்து காவலாளியின் கட்டிலுக்கு அடியில் வளர்ந்த பெட்டை நாய். மாலைக்குள் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் அறிக்கை ஏறிவிட்டது: தொற்று அபாயம், சனிக்கிழமை நாய் பிடிக்கும் வண்டி வரும்.

காவலாளி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"சார், அவ உடம்புல ஒரு பொட்டுப் புண் கிடையாது சார். நீங்களே தடவிப் பாருங்க."

"அதான்யா ஆபத்து. தனக்கு வராம அடுத்தவனுக்குக் குடுக்கற ரகம்."

"எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் சார்."

"விஞ்ஞானம் பேசறப்ப குறுக்க அழக்கூடாது."

விஞ்ஞானம் அந்த வாரம் தினமும் இரண்டு வேளை பேசியது. காலையில் தலைவர் தன் காலுக்குப் போடும் சொறிபடைக் களிம்பு. மாலையில் வேர்க்குருப் பவுடர். ஒரு கொப்புளம் மட்டும் உண்ணியாக இருக்குமோ என்று இடுக்கியால் பிடித்து இழுத்தும் பார்த்தார். அதிலிருந்து பிரிகேடியர், அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. வியாழக்கிழமை வயிறு தக்காளியாய்ச் சிவந்து, நாய் நக்கித் தீர்த்தது.

"முத்திப்போச்சு" என்றார் தலைவர், கிட்டத்தட்ட சந்தோஷமாக.

ஆனால் நாய் வண்டிக்காரர்கள் டாக்டர் கடிதம் இல்லாமல் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கால்நடை டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. பிரிகேடியர் தலைவர் கைக்கு அகப்படவில்லை. காவலாளி "வாடா ராஜா" என்றதும் வந்து தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. எனவே குற்றவாளித் தரப்பே பாதிக்கப்பட்ட தரப்பைச் சுமந்துகொண்டு வந்தது.

டாக்டர் ஒரு சின்னப் பெண். நாயைப் புரட்டினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார்.

"இதுல எதுக்கு சார் மருந்து போட்டீங்க?"

"கொப்புளம்மா. பத்து இருக்கு. தெரு நாய்கிட்ட இருந்து ஒட்டினது. அப்படியே கடிதத்துல எழுதிடுங்க."

"சார், இது கொப்புளம் இல்ல. முலைக்காம்பு."

மேஜை விசிறி ஒரு சுற்று சுற்றி வந்தது.

"இவன் ஆம்பளைம்மா!"

"ஆண் நாய்க்கும் இருக்கும் சார். பொறந்ததுல இருந்தே இருக்கும். சிவப்பு மட்டும்தான் கோளாறு. அது உங்க களிம்பால வந்த எரிச்சல். நிறுத்துங்க, நாலு நாள்ல ஆறிடும்."

தலைவர் குரலைத் தணித்தார். "எரிச்சலுக்குக் காரணம் வெளியில இருந்து வந்ததுன்னு எழுதலாமா?"

"தாராளமா. களிம்பு கடையில இருந்துதானே வந்துது?"

காவலாளி சுவரில் தொங்கிய பூனைப் படத்தை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் பிரிகேடியரின் காதைத் தடவிக்கொண்டே வந்தார். வாசலில் இறங்கும்போதுதான் கேட்டார்: "சார், நாளைக்கு வண்டி?"

"வேண்டாம்னு சொல்லிடு."

"காரணம் கேட்டா?"

"நிர்வாகக் காரணம்."

அறிக்கையைத் தலைவர் தன் கையாலேயே கிழித்தார். மாடி ஏறுவதற்குள் மனைவிக்கு விஷயம் எப்படித் தெரிந்ததோ, சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவர் யாரையும் பார்க்காமல் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். கதவைத் தாழிட்டு, சட்டையைக் கழற்றி, குனிந்து பார்த்தார்.

அவருக்கும் இரண்டு இருந்தன.