இறுக்கிப் பின்னிய தலை

ஆரபியின் நெற்றிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு முடி முறிந்து குச்சி குச்சியாக நின்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வருகிற வருத்தமா இது? தாய் மேனுகாவுக்கு ஒரு மாதமாக நித்திரை இல்லை. ஷாம்பூவைத் திட்டினாள், மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியைத் திட்டினாள், வெள்ளவத்தைப் புழுக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. மாற்றிப் பார்க்காத எண்ணெய் கிடையாது. பிள்ளையின் தலை வழுக்கையாகிவிடுமோ என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது.

தன் கையை மட்டும் அவள் சந்தேகிக்கவில்லை. எப்படிச் சந்தேகிப்பாள்? விடிய ஐந்தரைக்குப் பிள்ளையை முழுகவைத்து, ஆறேகாலுக்கு ஸ்கூல் வான் வருமுன் ஈரம் சொட்டச் சொட்ட இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புகிறவள் அவள்தானே. அவள் பின்னினால் பள்ளிக்கூடம் விடும்வரை ஒரு மயிர் விலகாது. மற்றத் தாய்மார் அதைச் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தார்கள். அந்தப் பெருமையில் பின்னல் நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் இறுகிக்கொண்டே போனது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை பிள்ளையை இழுத்துக்கொண்டு ரிஸ்னாவின் சலூனுக்குப் போனாள். ரிஸ்னா முடியை விரலால் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அக்கா, இது கொட்டினதில்ல, முறிஞ்சது. வேர் இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஈரத்தோட சீவி, இழுத்துப் பின்னினா இப்பிடித்தான். இன்னும் இழுத்துக்கொண்டே போனா வேரும் போயிடும், பிறகு முளைக்காது. யாரு பின்னுற?”

மேனுகா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

“நான்தான் அன்டி,” என்றாள் ஆரபி. “எனக்கு இறுக்கமா இருந்தாத்தான் பிடிக்கும்.”

தாய் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு சொல் போதும். ஆனால் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் பிள்ளையைவிட மானம் பெரிதாகப் போய்விட்டது. ரிஸ்னா ஆரபியைத்தான் ஏசினாள். முதல்நாள் பின்னேரமே முழுகிவிட வேண்டும், துவாயால் தேய்க்காமல் ஒற்ற வேண்டும், காயவிட்டு அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுக்க வேண்டும், தளரப் பின்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தான் செய்யாத பிழைக்கு ஆரபி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

சலூனை விட்டுக் காலி வீதிக்கு வந்ததும் மேனுகா கேட்டாள்.

“ஏன் பிள்ளை பொய் சொன்னனீ?”

“நீங்கள் வெக்கப்படுவீங்கள் எண்டுதான்.”

“நொந்தா என்னட்டைச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னனான் அம்மா. ரெண்டு மூண்டு தரம். ஆடாதை எண்டு தலையிலை குட்டிப்போட்டு நீங்கள் இன்னும் இறுக்கினீங்கள். பிறகு நான் சொல்லேல்லை.”

குறையாகக்கூடச் சொல்லவில்லை பிள்ளை. வீடு போகிற வழியில் மேனுகா ஒரு கடையில் ஏறி அகலப்பல் சீப்பொன்று வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஆரபியின் தலை நன்றாகக் காய்ந்திருந்தது. ஞாயிறு பின்னேரமே மேனுகா முழுகவைத்திருந்தாள். வானுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. அகலப்பல் சீப்பை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் வந்து இருந்தாள். ஆரபி தோள்களைத் தூக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“நொந்தா சொல்லு பிள்ளை, என்ன?”

“நோகேல்லை அம்மா,” என்றாள் ஆரபி உடனே.

சீப்பு இன்னும் அவள் முடியில் படவேயில்லை.